இரண்டாம் பேஸில் மச்சினன்

டிசம்பர் 18

முட்டி இன்றைக்குக் காலையிலேயே கச்சேரியை ஆரம்பித்துவிட்டது. நான் கட்டிலைவிட்டு இறங்கி நேராக நிற்பதற்குள் தில்சியா காப்பி போட்டு, குடித்து, கோப்பையைக் கழுவியும் வைத்துவிட்டாள். "குத்தவெச்சுச் சம்பாதிக்கிற மனுஷனைக் கட்டிக்கிட்டேன். ஒரு நாள் குத்தவெச்ச எடத்துலயே மாட்டிக்கப் போற, நான்தான் வந்து தூக்கணும்" என்றாள். மற்ற வீடுகளில் மனைவிமார் காலை வணக்கம் சொல்வார்களாம்.

பேஸ்பாலில் கேட்சர் தொழில் அதுதான். மட்டைக்காரனின் பிட்டத்துக்குப் பின்னால் குத்தவைக்க வேண்டும். பிட்சர் என்கிற மகாராஜா எறிவதைப் பிடிக்க வேண்டும். என்ன எறிவது என்றுகூட மகாராஜாவுக்குத் தெரியாது, தொடைகளுக்கு நடுவே விரலால் காட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் வேகம், இரண்டு என்றால் வளைவு. அணியில் எட்டு பேர் என் பக்கம் பார்த்து நிற்கிறார்கள், நான் ஒருவன் அவர்கள் மூஞ்சிகளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். பதினாறு சீசனாகப் பராவோனா நண்டுகள் என்கிற இந்த அணியின் மூஞ்சிகள். கண்றாவி.

பதினாறு சீசனில் ஒரு சாம்பியன் மோதிரம் கிடையாது. இதுதான் கடைசி சீசன் என்று முட்டி தீர்மானம் செய்துவிட்டது. மோதிரம் இல்லாமல் இந்த ஊரில் கிழவனாகவே கூடாது.

டிசம்பர் 20

இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் அடுத்த சுற்று. நம் பிட்சர்களை வைத்துக்கொண்டு! ஒருவன் சிலுவைக்குறி போட்டுக்கொள்ளும் நேரத்தில் அரை ஆட்டம் முடிந்துவிடும். இன்னொருவனுக்கு வலது இடது தெரியாது.

உருப்படியானவன் ஒருத்தன்தான், தில்சியாவின் தம்பி நெரேயோ. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே, பிட்சரின் தோளுக்குப் பின்னால் நிற்பவன். நான் சைகை காட்ட நிமிர்ந்தால் முதலில் தெரிவது அவன் மூஞ்சிதான். எதிரணி ஆள் மூன்று பேஸையும் தாண்டி, நான் குத்தவைக்கிற 'வீடு' வந்து சேர்ந்தால் ஒரு ரன்; வழியில் இரண்டாம் பேஸில் நின்றால் என் விரல்களை அங்கிருந்து படிக்கலாம். அதனால் நாலு தடவை விரல் காட்டுவேன், இரண்டாவது மட்டும் நிஜம், மற்றதெல்லாம் பம்மாத்து. அதிலும் ஏதாவது கோளாறு என்றால் நெரேயோ தொப்பியைத் தூக்கித் திரும்ப வைப்பான். 'மச்சான், சைகையை மாத்து' என்று அர்த்தம். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது.

உருப்படியானவன் என்று எழுதிவிட்டேன். அவனிடம் சொல்லிவிடக் கூடாது, தலைக்கனம் ஏறிவிடும்.

டிசம்பர் 22

தோற்றோம். எல்லாம் முடிந்தது.

கடைசியில் ஒரு சாதாரண உருட்டுப் பந்து. குழந்தைகூட எடுக்கும். நெரேயோவின் கால்களுக்கு நடுவே போயிற்று.

உடை மாற்றும் அறைக்கு வெளியே வானொலியில் ஆட்டம் பேசுகிற கிரிசோஸ்தோமோ நின்றான். ஒரு பந்தைக்கூட வாழ்நாளில் பிடித்திராதவன், எல்லாருக்கும் பந்து பிடிக்கச் சொல்லித்தருவான். "ராதமேஸ், என்னப்பா ஆச்சு?" என்றான். "என் மச்சினன் கிட்ட கேளு. பந்து வந்தப்ப ஐயா எந்தக் கடற்கரைல படுத்திருந்தாரோ" என்றேன். கோபத்தில் வந்தது. பொய்யில்லையே!

டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாடு. சுட்ட பன்றி, துவரைச் சோறு, ரொட்டி. மேஜையின் இந்த முனையில் நான், அந்த முனையில் நெரேயோ. நடுவில் பன்றிதான் கொஞ்சம் கலகலப்பாக இருந்தது.

"அக்கா, அவர்கிட்ட உப்பைக் குடுக்கச் சொல்லு" என்றான்.

"கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. எடுத்துக்கலாம், தவற விடாம" என்றேன்.

தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான்.  தில்சியா அவன் தட்டிலிருந்த பன்றித் தோலை எடுத்து என் கண் முன்னாலேயே நாய்க்குப் போட்டாள். எனக்குப் பிடித்த பாகம்.

டிசம்பர் 28

இன்றைக்கு ஏலம். ஏலம் என்று நான்தான் சொல்கிறேன். மேலே போகிற நாலு அணிகளும், தோற்றுப்போன அணிகளிலிருந்து தங்களுக்கு வேண்டிய ஆட்களைப் பொறுக்கிக்கொள்ளும் நாள். ஒரு மாதத்துக்கு மட்டும். அது முடிந்ததும் அவரவர் பழைய தொழுவத்துக்கே திரும்பிவிட வேண்டும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், இங்கே முட்டியைப் பிடித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னை எடுத்திருக்க மாட்டார்கள்.

முனைக்கடை வானொலியில் கேட்டோம். மோகா சேவல்கள் நெரேயோவை எடுத்தார்கள். அடுத்து சான் ஹுவான் கோவேறு கழுதைகள். "கேட்சர், ராதமேஸ் குவேவாஸ்."

 கடையில் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். கோவேறு கழுதைகளை நான் பதினாறு வருஷமாக எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று ஊருக்கே மனப்பாடம். கடைக்காரன் ஒரு கட்டுப் புல்லைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

டிசம்பர் 29

சேவல் தொப்பி போட்டுக்கொண்டு நெரேயோ பத்திரிகையில் பல்லைக் காட்டுகிறான். வெட்கங்கெட்டவன்.

ஜனவரி 2, சான் ஹுவான்

கழுதைச் சீருடை எனக்கு இடுப்பில் இறுக்குகிறது. அவர்கள் கேட்சருக்குக் கை உடைந்துவிட்டதாம், அதனால்தான் என்னைத் தேடியிருக்கிறார்கள். மரியாதையெல்லாம் இல்லை.

இவர்களின் பெரிய பிட்சர் எலிஹியோ மன்செபோ. ஆறு வருஷத்துக்கு முன்னால் வேண்டுமென்றே என் விலாவில் பந்தை விட்டவன். நான் மட்டையோடு அவனைத் துரத்தினேன், அவன் வேலி ஏறிக் குதித்தான். இன்று அவன் எறிவதை நான் மண்டி போட்டுப் பிடிக்கிறேன். என் நேரம்.

"பெரியவரே, உங்க விரல் கண்ணுக்கே தெரியல. ரொம்பக் கறுப்பு" என்றான்.

"உனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லு."

"நெயில் பாலிஷ் போடுங்க. எல்லா கேட்சரும் போடுறாங்க. ஒங்க சம்சாரம் கிட்ட இல்லியா?"

தில்சியாவுக்குப் போன் செய்தேன். சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள், ரத்தச் சிவப்பு. கல்யாணமான புதிதில் எனக்காகப் போட்டுக்கொண்ட நிறம். இப்போது எலிஹியோவுக்காக நான் போட்டுக்கொள்கிறேன்.

இங்கே சைகையும் வேறு. நாலு காட்டினால் கடைசிதான் நிஜம். கழுதைகளுக்கு எல்லாமே கடைசியில்தான் உறைக்கும்.

ஜனவரி 10

ஜெயிக்கிறோம். எழுதக் கூசுகிறது. எலிஹியோ நன்றாகத்தான் எறிகிறான். அந்த வாய் மட்டும் இல்லாமல் இருந்தால்!

ஜனவரி 11

முட்டியில் நீர் கட்டியிருக்கிறது. டாக்டர் ஊசியால் எடுத்தார். "ஓய்வெடுங்க" என்றார். இதைச் சொல்ல இத்தனை வருஷம் படித்திருக்கிறார்.

ஜனவரி 19

இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரே மோகா சேவல்கள்.

அப்படியென்றால் நெரேயோ.

தில்சியா போனில் கேட்டாள்: "நான் யாருக்குக் கை தட்டணும்?"

"பொண்டாட்டி புருஷனுக்குத்தான் தட்டணும்."

"அவன் நான் தூக்கி வளத்த புள்ள."

"அப்ப தட்டாத. கையைக் கட்டிக்கிட்டு உக்காரு."

"ரெண்டு பேரும் இன்னும் பேசல இல்ல?" என்றாள். நான் சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன். சார்ஜ் இருந்தது.

ஜனவரி 23

முதல் ஆட்டத்தில் நெரேயோ மட்டையோடு வந்து என் முன்னால் நின்றான். அந்த இடத்திலிருந்து அவன் முதுகை நான் பார்த்ததே இல்லை. கழுத்தில் ஒரு மச்சம் இருக்கிறது.

"முட்டி எப்படி?" என்றான், திரும்பாமலே.

"உன் வேலையைப் பாரு."

அடித்தான், பாவி. நல்ல அடி.

ஜனவரி 26

தோற்றோம். இப்போது இரு அணியும் சமம். நாளை கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில். ஜெயித்தால் மோதிரம். தோற்றால் ஒன்றுமில்லாமல் பராவோனா பஸ். இதற்கு மேல் இந்த முட்டிக்கு வேறு நாளை கிடையாது.

கழுதை மோதிரமாக இருந்தால் என்ன? மோதிரம் மோதிரம்தான். — நானா இதை எழுதுகிறேன்?

ஜனவரி 28

நேற்று எழுத முடியவில்லை. வலது கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது. மெதுவாக எழுதுகிறேன், ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னிலை. சேவல்களில் இருவர் அவுட், இன்னும் ஒருவன் அவுட்டானால் மோதிரம் எங்களுக்கு. ஆனால் மூன்றாம் பேஸில் ஒருவன், இரண்டாம் பேஸில் நெரேயோ. மூன்றாம் பேஸ்காரன் வந்தால் சமம், நெரேயோவும் வந்தால் எங்கள் கதை முடிந்தது. எறிபவன் எலிஹியோ. சான் ஹுவான் மொத்தமும் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது.

சைகை காட்ட நிமிர்ந்தேன். எலிஹியோவின் தோளுக்குப் பின்னால் நெரேயோவின் மூஞ்சி.

அவ்வளவுதான். விரல்கள் தானாகப் போயின. நாலு காட்டினேன். இரண்டாவது, வளைவு. வளைவுக்குத் தயாராகக் கையைத் தாழ்த்தி வைத்தேன். வந்தது வேகம். கையுறையின் விளிம்பில் பட்டு, கட்டைவிரலில் பட்டு, என் காலடியிலேயே விழுந்தது. ஒரு அடி தள்ளி விழுந்திருந்தால் மூன்றாம் பேஸ்காரன் வீடு சேர்ந்து ஆட்டம் சமமாகியிருக்கும். மூன்றாம் பேஸ்காரன் பாய்ந்து வந்து, பார்த்து, திரும்பி ஓடினான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேரே எலிஹியோவிடம் போனேன்.

"டேய், என்ன விளையாடுறியா? வளைவு கேட்டேன்!"

"வேகம் கேட்டீங்க, பெரியவரே. செவப்பு நகம் பளிச்சுனு தெரியுது. வேகம்."

"பொய் சொல்லாத! இன்னும் அந்த விலாக் கணக்கைத் தீத்துக்கிட்டு இருக்கியா?"

"அதுக்கு இந்த நேரம்தானா கெடச்சுது எனக்கு? போய் உக்காருங்க" என்றான். அம்பயர் வந்து துரத்தினார். நான் முணுமுணுத்துக்கொண்டே வந்து குத்தவைத்தேன். கழுதைக்குக் கண் கிடையாது, மூளை கிடையாது, மோதிரத்தைக் கெடுக்கவே பிறந்தவன் — இப்படியெல்லாம்.

மறுபடி நாலு காட்டினேன். இந்தத் தடவை வேகம் வேண்டும். கையை உயர்த்தி வைத்தேன்.

அப்போது நெரேயோ ஹெல்மெட்டைத் தூக்கினான். தூக்கி, திரும்ப வைத்தான்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்தப் பயலுக்கு இப்பவுமா தலை அரிக்கிறது என்று. பிறகுதான் உறைத்தது. மச்சான், சைகையை மாத்து.

நான் நண்டுகளின் சைகையைக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது நிஜம் என்று. எலிஹியோ ஒழுங்காகக் கடைசியைத்தான் பார்த்திருக்கிறான். இந்தத் தடவை கடைசியாகக் காட்டியது இரண்டு விரல், அப்படியென்றால் அடுத்து வரப்போவது வளைவு. நான் மேலே காத்திருப்பேன், அது மண்ணில் குத்திப் பின்சுவர் வரை உருண்டு போயிருக்கும். இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள்.

அந்த மைதானத்தில் நான் செய்கிற முட்டாள்தனம் புரிகிற ஆள் ஒரே ஒருத்தன். அவன் சும்மா நின்றாலே போதும். வாயைத் திறக்க வேண்டாம், கையை அசைக்க வேண்டாம். சும்மா நின்றால் கோப்பை அவனுக்கு.

ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி அம்பயரிடம் நேரம் கேட்டேன். ஷூ கயிற்றைக் கட்டினேன், அது அவிழவே இல்லை.  மறுபடி குத்தவைத்தேன், தரையையே பார்த்துக்கொண்டு காட்டினேன், கடைசி விரல், வேகம். நெரேயோ மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கீழ்ப்பக்கம் மட்டை பட்டுப் பந்து நேர் மேலே போனது. முகமூடியைக் கழற்றி எறிந்தேன். விளக்குகளுக்குள் போய் மறைந்தது, வந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன், கட்டைவிரலோடு சேர்த்து.

எலிஹியோ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "பெரியவரே! பெரியவரே!" என்று காதில் கத்தினான். ஆறு வருஷத்துக்கு முன்னால் விட்ட பந்துக்கு இப்போதுதான் மன்னிப்பு கேட்டான், அதுவும் என் விலாவை இறுக்கிக்கொண்டே. அவன் தோளுக்கு மேல் பார்த்தேன். நெரேயோ இரண்டாம் பேஸிலேயே நின்றிருந்தான், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

ஜனவரி 31

தொலைக்காட்சிக்காரன் பார்த்துவிட்டான். நெரேயோ ஹெல்மெட்டைத் தூக்குகிறான், நான் நேரம் கேட்கிறேன். காலையிலிருந்து இதையே திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். மோகாவில் அவன் படத்தைக் கொளுத்தினார்களாம். துரோகி, ஆட்டத்தைக் குடும்பத்துக்கு விற்றுவிட்டான் என்கிறார்கள். லீக்கே விசாரித்தால் ஆயுள் முழுக்க ஆட முடியாது என்கிறான் கிரிசோஸ்தோமோ. என்ன சந்தோஷம் அவன் குரலில்!

 தில்சியா வானொலியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 1

கிரிசோஸ்தோமோவின் நிகழ்ச்சிக்கு நானே போனேன்.

"ராதமேஸ், உண்மையைச் சொல்லு. அது சைகையா?"

"எது?"

"ஹெல்மெட்டைத் தூக்கினாரே, உன் மச்சினன்."

"அடப்போப்பா. அவனுக்குப் பொடுகு. சின்ன வயசுலருந்தே. எங்க வீட்டுத் தலகாணியெல்லாம் வந்து பாரு, மாவு அரைச்ச மாதிரி இருக்கும். அந்தத் தலையோட ஹெல்மெட் போட்டா அரிக்காம என்ன செய்யும்?"

"ஆனா நீ உடனே நேரம் கேட்டியே?"

"கட்டைவிரல் செத்துப்போச்சு, கேட்டேன். அந்த மண்டூகம் எனக்கு உதவுறவனா? கிறிஸ்துமஸ்லருந்து எங்களுக்குள்ள பேச்சே இல்ல, பராவோனால யாரை வேணா கேளு. அவன் எனக்குச் சைகை காட்டுறதா இருந்தா நடுவுல இருக்கிற ஒரே ஒரு விரலைத்தான் காட்டுவான்."

ஸ்டூடியோவில் எல்லாரும் சிரித்தார்கள். நாடு முழுக்கச் சிரித்திருக்கும். இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். என் வாய் ஜென்மத்தில் ஒரு தடவை உபயோகப்பட்டது.

பிப்ரவரி 27

எங்கள் நாட்டுச் சுதந்திர தினம். தெருவெல்லாம் கொடி. நெரேயோ வந்தான். கூடவே பாட்டில் ஒன்று. பொடுகு ஷாம்பு.

"தெருவுல சின்னப் பசங்க குடுக்குறானுங்க, மச்சான். இது அஞ்சாவது பாட்டில்."

"உபயோகிச்சியா?"

"எனக்குப் பொடுகே கெடையாது!"

"சத்தமாப் பேசாத. கிரிசோஸ்தோமோ கேட்டுறப் போறான்."

தில்சியா கறித்தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவை மூடவில்லை. டோமினோ ஆடினோம். அவன் மட்டமாக ஆடினான்.

"ஏன்டா தூக்கின?" என்று கேட்டேன்.

கட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தான். "தெரியல. நீ தப்பா காட்டுற. உன் கை அடிபட்டுருச்சு. அடுத்ததும் தப்பாவே காட்டுற. கை தானாப் போயிருச்சு. போட்டப்புறம்தான் எந்தச் சட்டை போட்டிருக்கோம்னே நெனப்பு வந்துச்சு."

தட்டிலிருந்த பெரிய கறித்துண்டாக எடுத்து அவன் பக்கம் வைத்தேன்.

அதை மென்றுகொண்டே, "மோதிரம் எப்ப தருவாங்க?" என்றான்.

"அக்டோபர்ல."

"கனமா இருக்குமோ?"

"இருக்கும்னுதான் சொல்றாங்க."

"வந்ததும் ஒரு தடவை போட்டுப் பாக்கக் குடுப்பியா?"

குடுக்கிறேன் என்றேன். அவன் போன பிறகு ரொம்ப நேரம் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நண்டுகளில் அவனுக்கும் பதினாலு சீசன். அவனுக்கும் மோதிரம் கிடையாது. இந்த டைரியில் எத்தனை பக்கம் புரட்டினாலும் என் மோதிரம், என் மோதிரம் என்றுதான் இருக்கிறது. த்தூ.

அக்டோபர் 9

மோதிரம் வந்தது. நடுவில் ஒரு கழுதை முகம், இரண்டு கண்ணிலும் சிவப்புக் கல். இதைவிட அசிங்கமான நகையை நான் பார்த்ததில்லை.

நெரேயோ வீட்டுக்குக் கொண்டுபோனேன். போட்டுப் பார்த்தான். அவன் விரலுக்குப் பெரிது, சுற்றிக்கொண்டே இருந்தது. கையை நீட்டி, மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நல்லாருக்கு மச்சான்" என்றான். கழற்றி, சட்டையில் துடைத்து, என்னிடமே கொடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் தில்சியா, "போட்டுக்கலியா?" என்றாள்.

"விரல் வீங்கியிருக்கு."

"எந்த விரல்?"

அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அக்டோபர் 13

நண்டுகளின் பயிற்சி நாளை தொடங்குகிறது. நெரேயோவோடு இன்னும் ஒரு வருஷம் ஆடக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதலாளி என் முட்டியைப் பார்த்துச் சிரித்தான், சிரிக்கட்டும். கடைக்காரன் ஏன் என்று கேட்டதற்கு, வீட்டில் சும்மா இருந்தால் தில்சியா துணி துவைக்கச் சொல்கிறாள் என்றேன்.

தில்சியா ஏன் என்று கேட்கவில்லை. காலையில் பையைத் திறந்தால் முட்டிப் பட்டைக்கு மேல் ஒரு புது நெயில் பாலிஷ். ஆரஞ்சு, நண்டுகளின் சட்டை நிறம். பார்க்கச் சகிக்காத நிறம். உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பூசிக்கொண்டேன்.